காகிதத்தின் முள்வாங்கி

தர்மபுரியிலிருந்து சேலத்திற்குச் செல்லும் பெருவழியில், தொப்பூர்க் கணவாயை எட்டுவதற்கு முன்னரே வருகின்ற ஊர் நல்லம்பள்ளி. மழையை நம்பி வாழும் மேட்டுநிலம் அது. வேலியிலும் தரிசிலும் முள்ளுக்குக் குறைவில்லாத வட்டாரம். காலில் முள் தைப்பது அங்கே ஒரு செய்தியே அன்று. ஆடு மேய்ப்போரும் காட்டுவேலைக்குப் போவோரும் முற்காலத்தில் இடுப்பில் ஒரு சிறு கருவியை முடிந்துகொண்டே வெளியே புறப்படுவார்கள். முள்வாங்கி என்பது அதன் பெயர். கூரிய ஊசி ஒன்றும் சிறிய இடுக்கி ஒன்றும் ஒரே வளையத்தில் கோக்கப்பட்டிருக்கும். ஊசியால் தோலைச் சற்றே விலக்கி, இடுக்கியால் முள்ளைப் பற்றி, அது எவ்வழியே நுழைந்ததோ அவ்வழியே வெளியே வாங்குவார்கள். அவசரப்பட்டு நகத்தால் பிடுங்கினால் முள் பாதியில் முறியும், புண் பெரிதாகும்.

காலுக்கு முள்வாங்கி இருப்பதுபோலக் காகிதத்திற்கும் ஒரு முள்வாங்கி உண்டு. கடையில் 'பின் ரிமூவர்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஸ்டேப்ளர் கொண்டு அடித்த பின்னைத் தாளிலிருந்து கழற்றும் கைக்கருவி அது. பார்வைக்குப் பாம்பின் வாய்போல் இருக்கும் இச்சிறு பொருளைப் பற்றித்தான் இன்று உங்களோடு சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

இப்பொருளின் அருமையை நான் உணர்ந்ததும் நல்லம்பள்ளியில்தான். அங்கே ஓர் ஒளிநகல் கடையில் என் முறைக்காகக் காத்து நின்றேன். எனக்கு முன்னால் ஒரு தாயும் அவருடைய மகளும் நின்றார்கள். கல்லூரியில் சேர்வதற்கான விண்ணப்பம். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் யாரோ ஒரு மூலையில் ஒன்றாகச் சேர்த்துப் பின் அடித்திருந்தார்கள். நகல் எடுப்பதற்காக அத்தாய் தாளைப் பற்றி இழுக்கப் போனார். கடைக்கார இளைஞர், "இருங்க அக்கா, இழுக்காதீங்க!" என்று பதறிக் கையை நீட்டித் தாள்களை வாங்கிக்கொண்டார். மேசை இழுப்பறையிலிருந்து அக்கருவியை எடுத்தார். ஒரு நொடியில் பின் கழன்று விழுந்தது. தாளில் இரண்டு புள்ளிகள் மட்டுமே எஞ்சின. அந்தப் பெண்ணின் முகத்தில் தோன்றிய ஆறுதலை நான் கண்டேன்.

அவ்வாறுதலின் மதிப்பு எனக்குத் தெரியும். கல்லூரியில் சேரப் புறப்பட்ட நாளில், என் பள்ளிச் சான்றிதழில் அடித்திருந்த பின்னை நானே நகத்தால் நெம்பினேன். பின் வந்தது, அதனோடு தாளின் மூலையும் வந்தது. அம்மூலையில் இருந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களும் கூடவே போயின. பிழை முழுவதும் என்னுடையதே. படி வாங்குவதற்கு நான் அலைந்த நாட்களில், ஒரு கம்பித் துண்டு மனிதனை இவ்வளவு அலைக்கழிக்குமா என்று வியந்தேன். ஏன் அது கிழிந்தது என்று எண்ணிப் பார்க்கும் அறிவு அப்போது எனக்கு இல்லை. அதனை இப்போது ஆராய்வோம்.

ஸ்டேப்ளர் பின் என்பது மடக்கிய ஒரு சிறு எஃகுக் கம்பி. 'ப' என்னும் எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். மேலே படுத்திருக்கும் பகுதியை முதுகு என்றும், கீழே இறங்கும் இரண்டையும் கால்கள் என்றும் வைத்துக்கொள்வோம். கடைகளில் '24/6' என்று எழுதிய பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். 24 என்பது கம்பியின் பருமனைக் குறிக்கும் எண். 6 என்பது காலின் நீளம், மில்லிமீட்டர் கணக்கில். ஸ்டேப்ளரை அழுத்தும்போது கால்கள் தாளைத் துளைத்துக்கொண்டு இறங்குகின்றன. அடியிலுள்ள தகட்டில் இரண்டு சிறு பள்ளங்கள் உண்டு. அவை கால்களின் நுனியை உள்நோக்கி வளைத்து, தாளின் மறுபுறத்தில் மடக்கிவிடுகின்றன.

மடங்கிய கால் தூண்டில் முள்ளை ஒத்தது. போன வழியே நேராகத் திரும்பி வராது. நகத்தால் முதுகின் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால், அந்தப் பக்கத்துக் கால் எழும்புகிறது. மற்றக் கால் மடங்கியபடியே தாளைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. நாம் இழுக்கும் இழுப்பு முழுவதும் ஊசிமுனை அளவுள்ள ஒரு துளையின் விளிம்பில் வந்து விழுகிறது. சிறிய பரப்பில் பெரிய விசை விழுந்தால் அழுத்தம் மிகும் என்பது நீங்கள் வகுப்பில் கற்ற பாடம். அவ்வழுத்தத்தைத் தாளின் நார்கள் தாங்க மாட்டா, கிழிகின்றன.

கருவி செய்யும் உதவி யாது? அதற்கு இரண்டு தாடைகள். ஒவ்வொரு தாடைக்கும் இரண்டு பற்கள். பின்புறத்தில் ஓர் அச்சு. அச்சருகே ஒரு சுருள்வில். கையை எடுத்தால் வாய் தானே திறந்துகொள்ளும். ஒரு தாடை மற்றதைவிடச் சற்றே ஒடுக்கமாக இருப்பதால், மூடும்போது ஒன்றின் பற்கள் மற்றதன் பற்களுக்கு இடையே நுழையும். பற்களின் நுனி மெல்லியது. உள்ளே செல்லச் செல்ல அகலம் மிகுந்தது. முதுகின் இரு மருங்கிலும் நுனிகளைச் செருகி அழுத்தினால், பற்கள் முதுகின் அடியில் எதிரெதிராக ஓடுகின்றன. முதுகு அவற்றின் சரிவில் ஏறுகிறது. இரண்டு கால்களும் ஒரே நேரத்தில், ஒரே அளவாக மேலே இழுபடுகின்றன, மடிப்பு நிமிர்கிறது, பின் வெளியே வருகிறது.

பௌதிகம் பயிலும் மாணவர்கள் இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். இது நெம்புகோல்தான், ஆயினும் நமக்கு விசையை மிச்சப்படுத்தும் நெம்புகோல் அன்று. அச்சு ஒரு கோடியில், பற்கள் மறு கோடியில், விரல்கள் நடுவில். இதனை மூன்றாம் வகை நெம்புகோல் என்பர். அச்சிலிருந்து 3 செ.மீ. தொலைவில் விரலும், 5 செ.மீ. தொலைவில் பல்லும் இருப்பதாகக் கொள்வோம். நாம் கொடுக்கும் விசையில் ஐந்தில் மூன்று பங்கே பல்லுக்குச் சேரும். அப்படியானால் ஆதாயம் எங்கே? பல்லின் சரிவில் இருக்கிறது. சரிவு என்பது ஆப்பு. ஆப்பு என்பது நகரும் சாய்தளம். பல் 2 மில்லிமீட்டர் நகரும்போது முதுகு 1 மில்லிமீட்டர் உயருமானால், உராய்வை நீக்கிக் கணக்கிட, விசை இரண்டு மடங்காகும். நெம்புகோல் எடுத்துக்கொண்டதை ஆப்பு திருப்பிக் கொடுத்துவிடுகிறது. விறகு பிளப்பவர் இறக்கும் ஆப்பும் இச்சிறு பல்லும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை.

இக்கருவியின் வரலாறும் சுவையானது. ஒரே அழுத்தில் பின்னைச் செலுத்தி மடக்கும் பொறிக்கு அமெரிக்கரான ஜார்ஜ் மெக்கில் 1879 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். தாடை வடிவில் அமைந்த பின் ரிமூவருக்குச் சிகாகோ நகரத்து வில்லியம் பங்கோனின் 1932 இல் விண்ணப்பம் செய்து, 1936 இல் காப்புரிமை பெற்றார். இடைவெளி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல்! பூட்டுவதில் மனிதனுக்கு இருக்கும் ஆர்வம் கழற்றுவதில் இருப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் நாட்டிலேயே இதற்கு இன்னும் பெரிய சான்று உண்டு. முன்னாட்களில் வங்கிகளில் நூறு நோட்டுகளை ஒரு கட்டாகச் சேர்த்துத் தடித்த பின்களை அடித்துக் கொடுப்பது வழக்கம். கட்டு குலையாது, நடுவிலிருந்து ஒரு தாளை உருவ முடியாது, எண்ணிக்கை மாறாது. நோக்கம் நல்லதே. ஆனால் அக்கட்டைப் பிரிப்பதற்குள் விரல் நோகும், நோட்டும் நோகும். ஒவ்வொரு வங்கியும் மறுபடி மறுபடி பின் அடிக்க, நோட்டு துளைகள் நிறைந்து, விளிம்பு கிழிந்து, ஆயுள் முடியுமுன்பே பயனற்றதாகும். இந்திய ரிசர்வ் வங்கி 1999 ஆம் ஆண்டில் 'தூய நோட்டுக் கொள்கை'யை அறிவித்தது. பின்னர் 2001 நவம்பர் 7 ஆம் நாள், 1949 ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ், நோட்டுக் கட்டுகளுக்குப் பின் அடிப்பதைக் கைவிட்டுக் காகிதப் பட்டையால் கட்டுமாறு வங்கிகளுக்குக் கட்டளையிட்டது. இன்று வங்கியில் பெறும் கட்டைச் சுற்றியிருக்கும் மெல்லிய காகிதப் பட்டையின் கதை இதுதான். விரலால் தள்ளினால் விடுபடும். நோட்டுக்கு ஓர் ஊறும் இல்லை. கழற்றுவதற்குச் சிறந்த வழி, கழற்றும் துன்பமே நேராதபடி முதலிலேயே கட்டுவது என்பதை ஒரு நாடே கற்றுக்கொண்ட பாடம் இது.

நம் முன்னோர் இப்பாடத்தை அறியாதவர் அல்லர். ஏட்டுச் சுவடியை நினைத்துப் பாருங்கள். ஓலையில் துளையிட்டு, ஒன்றில் செப்புக் கம்பியோ மூங்கிற் குச்சியோ செருகுவார்கள். மற்றொன்றில் கயிற்றைக் கோத்துச் சுவடியைச் சுற்றிக் கட்டுவார்கள். படிக்க வேண்டுமானால் கயிற்றைத் தளர்த்தினால் போதும். படித்து முடித்தால் மீண்டும் இறுக்கலாம். ஆயிரம் முறை அவிழ்த்தாலும் ஓலைக்குப் புதிய துளை வேண்டியதில்லை. கட்டும்போதே அவிழ்ப்பவனை எண்ணிக் கட்டிய கட்டு அது.

பின்னுக்கு மற்றொரு குற்றமும் உண்டு; அது துரு. எஃகுக் கம்பியின் மேற்பூச்சு தேய்ந்ததும் காற்றின் ஈரம் வேலையைத் தொடங்கிவிடும். சில மழைக்காலங்கள் கடந்தால் பின்னைச் சுற்றிச் செம்பழுப்பு வட்டம் விழும். அவ்விடத்தில் தாள் நொய்ந்து உதிரும். சென்னை எழும்பூரில் 1909 இல் அமைந்த ஆவணக் களரி, இன்றைய தமிழ்நாடு ஆவணக் காப்பகம், பழந்தாள்களைக் காத்துவரும் இடம். அத்தகைய காப்பகப் பணியில், உலோகப் பின்களை அகற்றுவது தாள்களைக் காக்கும் முதல் வேலைகளுள் ஒன்று. ஆனால் பழந்தாளைக் காப்போர் நாம் புகழ்ந்த தாடைக் கருவியைக் கையில் எடுப்பதில்லை. வளைந்த காலை அது நேராக்காமலே துளைவழியே இழுத்துவிடக்கூடும். புதிய தாள் தாங்கும், பழைய தாள் தாங்காது. ஆகவே அவர்கள் தாளுக்கும் பின்னுக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகி, தாளின் மறுபுறத்திலுள்ள கால்களை மெல்லிய தட்டைக் கரண்டியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தி, பிறகே முதுகைத் தூக்குகிறார்கள். எந்தக் கருவியும் எல்லா இடத்திற்கும் பொருந்தாது என்பதை அறிவதும் கருவியை அறிவதில் அடங்கும்.

இன்று இவ்வேலை முன்னைவிடப் பெருகியிருக்கிறது. அலுவலகக் கோப்புகள் கணினிக்குள் ஏறுகின்றன. தாள்களைத் தானே இழுத்துப் படம் பிடிக்கும் பொறியில் ஒரு பின் மறைந்து சென்றால், கண்ணாடியில் கீறல் விழும்; தாள் சிக்கிக் கசங்கும். ஆதலால் கோப்பு எவ்வளவு பெரிதாயினும், பொறிக்குள் செல்லுமுன் ஒருவர் அமர்ந்து பின்களை ஒவ்வொன்றாக எடுத்தே தீர வேண்டும். கணினியின் வேகமும் அந்தக் கையின் பொறுமைக்குக் காத்திருக்கிறது.

மாணவர்களே, ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பயனற்ற தாள்களில் நான்கு பின்களை அடியுங்கள். ஒன்றை நகத்தால் பிடுங்குங்கள். ஒன்றைத் தாடைக் கருவியால் எடுங்கள். ஒன்றைச் சில ஸ்டேப்ளர்களின் பின்புறத்தில் இருக்கும் தட்டை நாக்கால் நெம்புங்கள். நான்காவதை, மறுபுறத்துக் கால்களை முதலில் நிமிர்த்திவிட்டு எடுங்கள். பிறகு துளைகளை ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்குங்கள். நான் சொன்னவற்றைத் துளைகளே உங்களுக்குச் சொல்லும். கருவி கைவசம் இல்லாதபோது நான்காவது வழியைக் கைக்கொள்ளுங்கள். எடுத்த பின்னைத் தரையில் எறிய வேண்டா. வெறுங்கால்கள் நடக்கும் ஊர் நம் ஊர். காகிதத்தோடு கம்பியையும் விழுங்கிவிடும் மாடுகள் திரியும் ஊரும்கூட. மாட்டின் வயிற்றறையில் தங்கும் கூரிய உலோகம் சுவரைத் துளைத்து உயிருக்கே ஊறு செய்வதுண்டு. ஒரு பழைய டப்பாவில் சேர்த்து வையுங்கள்.

சான்றிதழ்களின் மூலத்தில் மட்டும் ஒருபோதும் பின் அடிக்காதீர்கள். உறையில் இடுங்கள், நகலுக்குப் பின் அடியுங்கள். இது நான் என் மூலையை இழந்து கற்ற பாடம்.

நல்லம்பள்ளிக் கடையில் அன்று அந்தப் பெண் நகல்களைப் பெற்றுக்கொண்டாள். கடைக்காரர் நகல்களை அடுக்கிப் பின் அடித்தார். மூலத் தாள்களை மட்டும் அடிக்காமல் தனியே ஓர் உறையிலிட்டு அவள் கையில் கொடுத்தார். அவர் எந்தப் புத்தகத்திலும் இதனைப் படித்திருக்க மாட்டார். பிறருடைய தாள் என்பது பிறருடைய வாழ்வு என்று அறிந்திருந்தார், அவ்வளவே. முள்ளை வாங்கும் கைக்கு வேண்டிய பொறுமை அந்தக் கையில் இருந்தது.