மலையேறிய சரக்கு ரயிலும் தாத்தாவிடம் உள்ள பெயர்களும்

“சரக்கு ரயிலைப் போய் யாராவது படம் எடுப்பார்களா?” என்று பல்கலைக்கழகத் தோழிகள் என்னைக் கேலி செய்வதுண்டு. பயணிகள் ரயில் என்றாலாவது கையசைக்க ஆள் இருப்பார்கள். சரக்கு ரயிலில் இருப்பவை சிமெண்டும் கொள்கலன்களும்தானே! ஆனால், கோலகங்சாருக்கும் தைப்பிங்கிற்கும் இடையிலான மலைப்பாதையில் அந்த ரயில்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள்.

என் தாத்தா வீடு பாடாங் ரெங்காஸில் இருக்கிறது. வாசலில் நின்றால் குனோங் போண்டோக் சுண்ணாம்புக் குன்று தெரியும். தாத்தா அந்தப் பகுதியில் தண்டவாளம் பழுதுபார்க்கும் குழுவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளிக்குப் போகத் தொடங்கிய காலத்தில், விடுமுறை நாள்களில் மாமா கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். பின்னாலேயே தாத்தாவும் நானும் போவோம்.

அப்போது புக்கிட் பெராப்பிட் மலையில் இருந்தது பழைய ஒற்றைப் பாதைதான். வளைந்து வளைந்து ஏறி, சிறு சுரங்கங்களுக்குள் புகுந்து போகும். ரயில் கண்ணில் படுவதற்கு வெகுநேரம் முன்பே டீசல் இயந்திரத்தின் முனகல் காட்டுக்குள்ளிருந்து கேட்கும். ஏற்றத்தில் ரயில் மெதுவாக வரும் என்பதால் மாமாவுக்கு அவசரமே இருக்காது. “சுரங்க வாய் இருட்டு, முன்விளக்கு வெளிச்சம். இரண்டுக்கும் நடுவில் அளவு பிடிக்கணும் பாப்பா” என்று கேமராவை என் கையில் கொடுப்பார்.

ரயில் ஏன் அத்தனை சிரமப்பட்டு ஏறுகிறது என்பதைச் சொல்லிக்கொடுத்தவர் தாத்தா. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின் மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சமதளத்தில் அது வரம். குறைந்த சக்தியில் பெரும் பாரத்தை இழுக்கலாம். மலையில் அதுவே தொல்லை. மழையில் தண்டவாளம் நனைந்தாலோ, ஈர இலைகள் அதன்மேல் நசுங்கினாலோ சக்கரம் வழுக்கும். அதனால்தான் இயந்திரத்தில் மணல் பெட்டி இருக்கிறது. சக்கரத்தின் முன்னால் மணலைத் தூவிப் பிடிப்பை உண்டாக்குவார்கள். இயற்பியல் பாடத்தில் உராய்வைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த மணல்தான்.

நம் நாட்டு ரயிலின் தொடக்கமே சரக்குதான். 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, இன்றைய கோலா செபாத்தாங்கிற்கு, சுமார் 13 கிலோமீட்டர் முதல் பாதை போடப்பட்டது. லாருட் ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதே அதன் முக்கிய நோக்கம். அன்று தொடங்கிப் பல தலைமுறைகளாகத் தண்டவாளத்தில் வேர்வை சிந்தியவர்களில் தமிழர்கள் ஏராளம்.

ஈப்போ - பாடாங் பெசார் மின்மய இரட்டைப் பாதை 2014-இல் நிறைவடைந்தது. பெராப்பிட் மலையைக் குடைந்து சுமார் 3.3 கிலோமீட்டர் நீளத்துக்கு இரட்டைச் சுரங்கம் அமைத்தார்கள். ரயில்கள் வேகம் பெற்றன. இடிஎஸ் ரயிலில் ஊருக்குப் போகும் நானும் அதனால் பயன் அடைகிறவள்தான். ஆனால் பழைய வளைவுகள் ஓய்ந்துவிட்டன.

சென்ற விடுமுறையில் மாமாவின் பழைய படங்களை மடிக்கணினியில் போட்டுத் தாத்தாவிடம் காட்டினேன். அவருக்கு இப்போது 82 வயது, பார்வை மங்கி வருகிறது. திரையை முகத்தருகே பிடித்துப் பார்த்துவிட்டு, “இது பலாமரத்து வளைவு”, “இது முனியாண்டி மேடு”, “இங்கேதான் மண் சரிந்து இரண்டு ராத்திரி வேலை பார்த்தோம்” என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாம் அவருடைய குழுவினர் வைத்த பெயர்கள். எந்த வரைபடத்திலும் நான் அவற்றைக் கண்டதில்லை.

மாமா எடுத்த படங்களில் இடம் இருக்கிறது, பெயர் இல்லை. பெயர்கள் தாத்தாவிடம் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து எழுதிவைக்கும் வேலையை இப்போது செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை 41 படங்களுக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. தினமும் இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் அழைக்கிறேன். நான் படத்தை வருணிப்பேன்; அவர் இடத்தைச் சொல்வார். சில நாள்களில் நினைவு வராது. “நாளைக்குக் கேள் பாப்பா” என்பார்.

இனி கிழக்குக்கரை ரயில் தித்திவங்சா மலைத்தொடரைக் குடைந்து, 16 கிலோமீட்டருக்கும் அதிக நீளமான சுரங்கத்தின் வழியே சரக்கைக் கொண்டு செல்லும். அதைப் படம் எடுக்கவும் நான் போவேன். ஆனால் நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ரயில்வேயில், தோட்டத்தில், துறைமுகத்தில் உழைத்த பெரியவர் இருந்தால் பழைய படம் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். “இது எந்த இடம்?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பெயரை அன்றைக்கே எழுதிவிடுங்கள்.