மலைக்குள்ளே ஒரு சமதளம்

மலைநாட்டில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று ஏற்றம், மற்றொன்று லாரி. ஒன்றுக்குப் பயந்து ஒதுங்கினால் மற்றொன்றிடம் மாட்டிக்கொள்வோம். வண்டியே வராத கிராமத்து வழி என்றால் அது செங்குத்தாக ஏறும். சாய்வு மெதுவாக, மிதிக்க வாகாக இருக்கிற ரோடு என்றால், அந்த வாகுக்காகவே காரும் லாரியும் அதில்தான் வரும்.

ஏற்றம் எவ்வளவு வாங்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆள், சைக்கிள், கேரியரில் கட்டிய மூட்டை எல்லாம் சேர்த்து 95 கிலோ என்று வையுங்கள். பந்தயத்துக்குப் போகிறவர் அல்ல, சாதாரண ஆள். மணிக்கணக்கில் மிதிக்க அவர் காலில் 100 வாட் சக்தி இருக்கும். 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறுகிற ரோட்டில் அவர் மணிக்கு 5 கிலோமீட்டர்தான் போவார். இறங்கித் தள்ளினாலும் அதே வேகம்தான். 100 மீட்டருக்கு 1 மீட்டர் மட்டும் ஏறும் பாதையில் அதே ஆள் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் வேகத்தில், பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே போகலாம்.

இந்த ‘100-க்கு 1’ ரயில்காரர்களின் அளவு. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிப்புக் குறைவு. அதனால் சாதாரண ரயில் செங்குத்தாக ஏறாது. கல்லாறிலிருந்து குன்னூருக்கு 12.5 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற, நம் நீலகிரி ரயிலுக்குப் பல்சக்கரம் வைக்க வேண்டியிருந்தது. பல்சக்கரம் வேண்டாம் என்றால் மலையைத்தான் வெட்ட வேண்டும். மேட்டைப் பிளந்து, பள்ளத்தை நிரப்பி, குறுக்கே நிற்கும் பாறையில் குகை குடைந்து, ஆற்றின் மேல் பாலம் கட்டி, மலைக்குள்ளே ஒரு சமதளத்தை உண்டாக்கினார்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு எஞ்சினியர்கள். ரயில் நின்றுபோன பிறகும் அந்தச் சமதளம் அப்படியே கிடந்தது. கார் இல்லாத, மூச்சு வாங்காத மலைப் பாதைகளில் பல உலகம் முழுக்க இப்படிக் கிடைத்தவைதான்.

இங்கிலாந்துக்கு நிறையவே கிடைத்தது. அங்கே 1963-ல் ரயில்வே வாரியத் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் ஓர் அறிக்கை கொடுத்தார். 2,363 ரயில் நிலையங்களையும் சுமார் 8,000 கிலோமீட்டர் பாதையையும் மூடிவிடலாம் என்றது அது. முழுவதும் நடக்கவில்லை, ஆனால் பெரும்பகுதி நடந்தது. தண்டவாளத்தைப் பெயர்த்து இரும்புக்கு விற்றார்கள். ஜல்லி மேட்டில் முள் மண்டியது. அதை முதலில் சைக்கிளுக்குக் கேட்டவர்களில் பிரிஸ்டல் நகரத்துக்காரர்கள் முக்கியமானவர்கள். 1977-ல் ஒரு குழுவாகச் சேர்ந்து, மண்வெட்டியோடு தாங்களே இறங்கி, பாத் நகரம் வரை 21 கிலோமீட்டர் பழைய பாதையைச் சீர்செய்தார்கள். 1986-ல் வேலை முடிந்தது. அது ஊரை ஒட்டிய பாதை, பெரிய மலை கிடையாது. மலையோடு பார்க்க வேண்டுமென்றால் டெர்பிஷருக்குத்தான் போக வேண்டும்.

டெர்பிஷரின் பீக் டிஸ்டிரிக்ட் சுண்ணாம்புக்கல் நாடு. வெளேரென்ற பாறை, அதைக் குடைந்தோடும் வை என்ற சிற்றாறு, கல் அடுக்கிக் கட்டிய வேலிகள், எங்கு பார்த்தாலும் ஆடு. இங்கே பேக்வெல் ஊருக்குப் பக்கத்திலிருந்து மேற்கே போகிறது மான்சல் டிரெயில். சுமார் 14 கிலோமீட்டர். 1863-ல் மிட்லண்ட் ரயில்வே திறந்த பாதை இது. 1968-ல் மூடினார்கள்.

ரயில் வந்த பிறகு இதைத் திட்டித் தீர்த்தவர் ஜான் ரஸ்கின். ஆம், காந்தியைப் புரட்டிப் போட்ட ‘அண்டு திஸ் லாஸ்ட்’ நூலின் ஆசிரியர்தான். பக்ஸ்டனில் இருக்கும் முட்டாள் அரை மணியில் பேக்வெல் போகவும், பேக்வெல் முட்டாள் பக்ஸ்டன் வரவும் ஓர் அழகான பள்ளத்தாக்கை நாசம் செய்துவிட்டார்களே என்பது அவர் ஆத்திரம். இந்தத் தடத்தில் அவர் வெறுத்த ஐந்து கண் பாலம் இப்போது சட்டப்படி பாதுகாக்கப்படும் சின்னம். மான்சல் ஹெட் மேட்டில் நின்று அதைப் படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. இதில் ஒரு வேடிக்கை: 1904-ல் காந்தி ரஸ்கினின் அந்தப் புத்தகத்தை ஒரே மூச்சில் படித்து முடித்தது ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போன ரயிலில்.

1981-ல் மான்சல் டிரெயில் நடைபாதையாகத் திறந்தபோது சைக்கிளுக்குப் பெரிய பயனில்லை. நடுவில் நான்கு நீளமான குகைகள், நான்கும் பூட்டிக் கிடந்தன. குகை வந்ததும் மலையின் விலாவில் ஏறி இறங்கித்தான் மறுபக்கம் போக வேண்டும். ரயிலே ஏற மறுத்த ஏற்றத்தைச் சைக்கிளைச் சுமந்துகொண்டு யார் ஏறுவது? முப்பது வருடம் இப்படியே போனது. 2011 மே மாதம் குகைகளைச் செப்பனிட்டு, விளக்குப் போட்டுத் திறந்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் இது உண்மையில் சைக்கிள் பாதை ஆனது.

இந்த நான்கில் ஒவ்வொன்றும் சுமார் 400 மீட்டர் நீளம். வெளியே நல்ல வெயில் அடித்தாலும், வாயிலில் நுழைந்த சில கஜத்திலேயே கை சில்லிட்டுப் போகும். கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் சட்டைக் காலருக்குள் இறங்கும். செங்கல் சுவரில் நீராவி எஞ்சின்கள் அப்பிய கரி இன்னும் இருக்கிறது, விரலால் தேய்த்தால் ஒட்டும். சுவரில் ஆள் ஒதுங்கும் அளவுக்கு மாடங்கள். ரயில் வரும்போது கேங்மேன்கள் பதுங்கிக்கொள்ள வைத்தவை. இப்போது குழந்தைகள் அதற்குள் ஒளிந்து நின்று கத்துகிறார்கள், கத்தல் குகை முழுக்க உருண்டு போகிறது. பேக்வெல் பக்கமிருந்து வந்தால் ஹெட்ஸ்டோன் குகை முடிகிற இடத்திலேயே பாலம் தொடங்கிவிடுகிறது. கண் கூசி, வெளிச்சம் பழகுவதற்குள் நாம் ஆற்றுக்கு மேலே இருப்போம்.

வழியில் லிட்டன் மில் வரும். ஆற்றின் சக்தியில் ஓடிய பஞ்சாலை. லண்டன் அநாதை விடுதிகளிலிருந்து கொண்டுவந்த பிள்ளைகளை இங்கே வதைத்த கதையை, அங்கே வேலை செய்த ராபர்ட் பிளின்கோவின் வரலாறாக 1832-ல் புத்தகமாகவே வெளியிட்டார்கள். இந்தப் பள்ளத்தாக்கின் அமைதி ஆதியிலிருந்தே இருந்த அமைதி அல்ல. பஞ்சாலை, சுண்ணாம்புக் காளவாய், ரயில் என்று இரைச்சலாக இருந்துவிட்டு ஓய்ந்த இடம்.

பக்கத்திலேயே இன்னும் இரண்டு பாதைகள் உண்டு. ஆஷ்போர்னிலிருந்து பார்ஸ்லி ஹே வரை 21 கிலோமீட்டர் டிஸ்ஸிங்டன் டிரெயில். 1971-ல் திறந்தது, இந்த வகையில் நாட்டிலேயே மூத்தவற்றுள் ஒன்று. ஆஷ்போர்னில் தொடங்கினால் போகும்போது மெல்லிய ஏற்றம், களைத்துத் திரும்பும்போது இறக்கம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

மற்றது ஹை பீக் டிரெயில். இங்கே என் ‘100-க்கு 1’ கணக்கு பொய்த்துவிடும். 1830-31-ல் திறந்த பாதை இது, ரயில் எஞ்சின் மீது யாருக்கும் முழு நம்பிக்கை வராத காலம். இரண்டு கால்வாய்களை மலைக்கு மேலாக இணைப்பது நோக்கம். அதனால் எஞ்சினியர் ஜோசையாஸ் ஜெசப் கால்வாய் வெட்டுவதைப் போலவே யோசித்தார். நெடுந்தூரம் மட்டமாக ஓட விட்டு, கால்வாயில் மதகு வைத்துப் படகை ஏற்றும் இடங்களில் இவர் செங்குத்தான சரிவு வைத்தார். சரிவின் உச்சியில் ஒரு நீராவி எஞ்சின் நிலையாக நின்று, கயிறு போட்டு வாகன்களை இழுக்கும். சரக்கு ஏற்றும் இடங்களைக்கூட ‘துறை’ என்றே அழைத்தார்கள். 1829-ல் செய்த எஞ்சினை மிடில்டன் டாப்பில் இன்றும் பார்க்கலாம். ஷீப் பாஸ்ச்சர் சரிவில் 1888-ல் அறுத்துக்கொண்ட வாகன்கள் அடிவாரத்துக் கால்வாயையும், அதற்கப்பால் இருந்த மிட்லண்ட் ரயில் பாதையையும் ஒரே பாய்ச்சலில் தாண்டிப் போய் விழுந்தன. அதற்குப் பிறகுதான் ஓடிவரும் வாகனைப் பிடிக்கப் பள்ளம் வெட்டினார்கள். அதில் விழுந்த வாகன் ஒன்றின் மிச்சம் இன்னும் அங்கே கிடக்கிறது. அந்தச் சரிவில் சைக்கிளில் இறங்குகிறவர் பிரேக்கை ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது. ஏறுகிறவருக்கு என் யோசனை, மிடில்டன் டாப்பில் தொடங்கி மேற்கே போய்விடுங்கள்.

ஸ்பெயின் இதையே பெரிய அளவில் செய்திருக்கிறது. 1993-லிருந்து பழைய ரயில் தடங்களை ‘வியாஸ் வெர்தேஸ்’ என்ற பெயரில் பாதைகளாக்கி வருகிறார்கள். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தலூசியாவில் ஒல்வேராவிலிருந்து புவெர்ட்டோ செரானோ வரை 36 கிலோமீட்டர் போகும் பாதை. 30 குகைகள், 4 பெரிய பாலங்கள். 1920-களில் வேலையைத் தொடங்கி, குகை வெட்டி, ஸ்டேஷன்களும் கட்டிய பிறகு திட்டத்தைக் கைவிட்டார்கள். ஒரு ரயில்கூட ஓடவில்லை. அத்தனை உழைப்பும் கடைசியில் சைக்கிள்காரருக்கு வந்து சேர்ந்தது. நடுவழியில் ஸஃப்ராமகோன் என்ற தனிப் பாறை நிற்கிறது. அதில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டமாகக் குடியிருக்கின்றன. வெயில் ஏறியதும் தலைக்கு மேல் வட்டமடிப்பது அவைதான், பயப்பட வேண்டாம்.

நமக்கும் இப்படி ஒரு தடம் உண்டு. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளை பள்ளத்தாக்கில் ஒரு குறுகிய ரயில் ஓடியது. தேயிலை டாப் ஸ்டேஷன் போய், அங்கிருந்து ரோப்வேயில் போடி பக்கம் மலையடிவாரத்துக்கு இறங்கியது. 1924 வெள்ளம் ரயிலை வாரிக்கொண்டு போனது, திரும்பப் போடவில்லை. இன்று அந்த மலையில் போக்குவரத்தெல்லாம் தார் ரோட்டில்தான், விடுமுறை நாளில் ஜீப்பும் வேனும் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

டெர்பிஷரிலும் எல்லாம் சொர்க்கம் இல்லை. பேக்வெல்லில் ரயில் நிலையம் இயங்கவில்லை. அதனால் காரே இல்லாத மான்சல் டிரெயிலுக்குப் பெரும்பாலோர் காரில்தான் வருகிறார்கள், சைக்கிளைக் காரின் முதுகில் கட்டிக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் நாயும் குழந்தை வண்டியும் குதிரையும் சேர்ந்து பாதையை அடைத்துவிடும். காலை எட்டு மணிக்குள் போனால் ஆளில்லாத பாதை கிடைக்கும்.

இதற்கிடையே, இதே தடத்தில் ரயிலை மறுபடி ஓட விட வேண்டும் என்று ஒரு தரப்பு இயக்கம் நடத்துகிறது. கார்களைக் குறைக்க அதுதான் வழி என்கிறார்கள். நான் சைக்கிள்காரர் கட்சி. ஆனால் கார் நிறுத்துமிடங்கள் நிரம்பி வழிவதைப் பார்த்தால், எதிர்த்தரப்பு சொல்வதைத் தள்ளிவிட முடியவில்லை. குகைகளும் பாலமும் இரட்டைத் தண்டவாளத்துக்குக் கட்டியவை. ஒரு பாதியை ரயிலுக்கும் மறுபாதியைச் சைக்கிளுக்கும் பிரித்து, நடுவே சுவர் வைக்கலாமா, வைத்தால் 400 மீட்டர் குகைக்குள் ரயில் புகைக்குப் பக்கத்தில் யார் மிதிப்பார்கள் என்பதற்கு இரு தரப்பிலும் யாராவது முதலில் டேப் பிடித்து அளந்து பதில் சொல்லட்டும்.