போர்டில் 12, தொட்டால் 230

பக்கத்து வீட்டுப் பையன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். கோடை விடுமுறையில் ஒரு எல்.இ.டி. விளக்கு கிட்டைத் தானே சால்டர் செய்து கொண்டுவந்து காட்டினான். ஈயம் வைத்த இடமெல்லாம் பளபளவென்று சுத்தமாக இருந்தது. "பன்னிரண்டு வோல்ட்தான் அங்கிள், தொட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்றான். போர்டைத் திருப்பிப் பார்த்தேன். டிரான்ஸ்பார்மர் இல்லை, அந்த இடத்தில் ஒரு கெப்பாசிட்டர் மட்டும் இருந்தது. அவன் பிளக்கில் செருகுவதற்குள் கையிலிருந்து வாங்கிவிட்டேன்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். டிரான்ஸ்பார்மரில் இரண்டு சுருள்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு கிடையாது. அதனால் வெளியே வரும் 12 வோல்ட், வீட்டு லைனிலிருந்து பிரிந்து நிற்கும். செலவைக் குறைக்க அதை விட்டுவிட்டுக் கெப்பாசிட்டர் போட்டால், அந்தப் பிரிவு போய்விடுகிறது. வெளியீட்டின் இரு முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டர் வைத்தால் அப்போதும் 12தான் காட்டும். பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான். சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அதே முனையில் வீட்டு லைனே காத்திருக்கிறது. நம் இரண்டு முள் பிளக்கை எப்படியும் மாற்றிச் செருகலாம். ஒரு பக்கமாகச் செருகினால் நடுவில் ஒரு டயோடைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் ஃபேஸ் எல்.இ.டி.யின் கால் வரை வந்துவிடும். பிளக்கைப் பிடுங்கினாலும் ஆபத்து உடனே தீராது. வடிகாலாக ஒரு ரெசிஸ்டர் இல்லாத போர்டில், கெப்பாசிட்டருக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

ஆகவே முதல் கிட் 9 வோல்ட் பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். 555 ஐ.சி.யை வைத்து எல்.இ.டி.யை மினுக்கவிடுவதில் கிடைக்கும் சந்தோஷம் எதற்கும் குறைந்ததல்ல. அடாப்டர் தேவைப்பட்டால் பி.ஐ.எஸ். பதிவு எண் உள்ளதை வாங்குங்கள். 'ஆர்' எழுத்தில் தொடங்கும் அந்த எண் உண்மைதானா என்று பி.ஐ.எஸ். கேர் செயலியில் பார்த்துவிடலாம். 18650 லித்தியம் செல்லில் 9900 எம்.ஏ.எச். என்று அச்சிட்டிருந்தால் அது பொய். அந்த அளவு செல்லில் 3500ஐ ஒட்டித்தான் அடங்கும். பொய் லேபிள் ஒட்டியவர் உள்ளே என்ன வைத்திருப்பார் என்று யாருக்குத் தெரியும்? சால்டரிங் முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், சால்டர் கம்பியில் ஈயம் இருக்கிறது. சுட்டுக்கொண்டால் பேனா மையும் பற்பசையும் வேண்டாம், இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஷாக் அடித்தவரைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள்; பிறகு 108.

சட்டம் நம் பக்கம் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்தே திரும்பி வந்துவிடுகிறோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள்ளும், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக முறை. பில் தர மறுப்பதும் அப்படியே. அதைவிட முக்கியமானது பொருள் பொறுப்பு என்ற அத்தியாயம். ஆபத்தைத் தவிர்க்கத் தேவையான எச்சரிக்கையும் செய்முறைக் குறிப்பும் தராமல் விற்ற பொருளால் காயம் ஏற்பட்டால், தயாரித்தவரிடம் இழப்பீடு கேட்கலாம். போர்டு, உறை, பில் மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். கருகிய போர்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும்.

பையனின் கிட் உறையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தோம். எச்சரிக்கைத் தாள் இல்லை. அவன் அப்பா சட்டைப் பையிலிருந்து பில்லை எடுத்தார். வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.