பித்தளையா, துத்தநாகமா, எவர்சில்வரா?

ஜில்லெட் நிறுவனத்தின் பழைய ரேசர் ஒன்று கையில் கிடைத்தால் முதலில் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். பலவற்றில் தலைப்பகுதியின் அடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொடியாகப் பொறித்திருக்கும். ‘ஈ-3’ என்றிருந்தால், 1959-ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் அமெரிக்கத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது என்று பொருள். அறுபத்தைந்து வயதைக் கடந்த சாமான். தெருமுனைக் கடையில் வாங்கிய பிளேடை அதில் பொருத்தி நாளைக் காலையே சவரம் செய்யலாம். அப்படிச் செய்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பழைய ரேசர்களைத் தேடிப் பிடித்து வாங்குவதும் துலக்குவதும் அவர்களுக்கு ஒரு பித்தாகவே ஆகிவிட்டது.

‘அந்தக் காலத்துச் சாமான் மாதிரி வருமா?’ என்ற பேச்சு இங்கேதான் கிளம்புகிறது. இருபுறமும் கூர் உள்ள பிளேடு போடும் சேஃப்டி ரேசரைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு பாதி உண்மை. ரேசரின் ஆயுளைத் தீர்மானிப்பது அது பிறந்த வருடமல்ல. எந்த உலோகத்தில், எந்த முறையில் செய்தார்கள் என்பதுதான்.

தூக்கி எறியக்கூடிய மெல்லிய பிளேடு என்ற யோசனை கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு 1895-இல் தோன்றியது. தகடு அவ்வளவு மெல்லியதாக இருந்தால் கூர் ஏற்ற முடியாது என்று எஃகு தெரிந்தவர்கள் கைவிரித்தார்கள். வழி கண்டுபிடித்தவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். 1903-இல் விற்பனை தொடங்கியது. அந்த வருடம் முழுவதும் விற்றவை 51 ரேசர்கள், 168 பிளேடுகள். அடுத்த வருடமே ரேசர் விற்பனை 90,000-ஐத் தாண்டியது. 1904 நவம்பரில் காப்புரிமையும் கிடைத்தது.

ரேசரைச் சல்லிசாகக் கொடுத்து, பிளேடில் காசு பார்த்தவர் ஜில்லெட் என்று வணிகப் பாடங்களில் ஓயாமல் சொல்வார்கள். காப்புரிமை உயிரோடு இருந்தவரை நடந்தது வேறு. ரேசரின் விலை 5 டாலர்; அன்றைய தொழிலாளிக்குப் பெரிய தொகை. சிகாகோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ராண்டல் பிக்கர் 2010-இல் எழுதிய கட்டுரையில் இந்தக் கதையைப் பிரித்து மேய்ந்திருக்கிறார். தரத்தின் ரகசியமும் இந்த விலையில்தான் இருக்கிறது. ரேசரையே லாபத்துக்கு விற்றதால் அதைக் கனமான பித்தளையில் செய்து, வெள்ளி முலாம் பூசி, அழகான பெட்டியில் வைத்துக் கொடுக்க முடிந்தது. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையினருக்காக 35 லட்சம் ரேசர்கள் போயின. 1921-இல் காப்புரிமை காலாவதியானதும் போட்டி முளைத்தது. மலிவான ரேசர்களும் கூடவே வந்தன.

பித்தளை இந்த வேலைக்கு ஏற்ற உலோகம். தண்ணீர் பட்டால் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. மேலே பூசிய நிக்கல் தேய்ந்துபோனாலும் அடியில் மஞ்சள் தெரியுமே தவிர, ரேசர் கெடாது. முலாம் பூசும் பட்டறையில் கொடுத்தால் மறுபடி புதிதாக்கிவிடுவார்கள்.

ஆனால் பித்தளைக்கும் ஒரு வியாதி உண்டு. ஆரம்ப கால ஜில்லெட் ரேசர்களில், முனையில் உருண்டை வைத்த பிடியைப் பலரும் பார்த்திருக்கலாம். உள்ளே பொள்ளலான மெல்லிய குழாய் அது. அந்தப் பிடிகள் பலவற்றில் மயிரிழை போல நீளவாக்கில் ஒரு விரிசல் ஓடியிருக்கும். கீழே விழுந்ததால் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. குழாயாக இழுத்து வளைக்கும்போது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கம் பல வருடம் கழித்துப் பிளந்துகொள்வதும் உண்டு. இந்த நோயின் பழைய வரலாற்றில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவம் இங்கே மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் வைத்திருந்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகள் தானாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும் ஈரமும், உறைக்குள் இருந்த இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை என்பது 1921-இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. பழைய ரேசரை வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு காரியப் பாடம் உண்டு. அம்மோனியா கலந்த பாலிஷையோ கண்ணாடி துடைக்கும் திரவத்தையோ அதன் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது.

பழையவற்றில் எது உழைக்கும் என்று கேட்டால், 1930-களின் கடைசியில் வந்த ‘டெக்’ ரேசரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மூடி, அடித்தகடு, பிடி என்று மூன்றே பாகங்கள். அசையும் உறுப்பு எதுவும் கிடையாது. மரை தேய்ந்தால் ஒழிய அது கெட வழியில்லை. விலை குறைவாக விற்ற சாமான் என்றாலும், இன்றைக்கும் சலிக்காமல் வேலை செய்யும். அதே டெக்கிலும் இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிடிகள் சிலவற்றைப் பார்த்தால் சப்பென்றிருக்கும். பித்தளையெல்லாம் தோட்டாவுக்குப் போய்விட்டதால் எஃகிலும் பிளாஸ்டிக்கிலும் ஒப்பேற்றினார்கள். ‘பழசு’ என்ற ஒரே பெயருக்குள் எத்தனை தரம் இருக்கிறது என்பதற்கு இது ஒன்றே போதும்.

பிடியின் அடிக்குமிழைத் திருகினால் தலையில் இரு கதவுகள் இறக்கை போல விரியும் ரேசரை ஜில்லெட் 1934-இல் கொண்டுவந்தது. அந்த வகையில் 1947-இல் வந்த ‘சூப்பர் ஸ்பீட்’ பெரும்புகழ் பெற்றது. 1958-இல் வெளிவந்த ‘195 அட்ஜஸ்டபிள்’ ரேசரின் கழுத்தில் 1 முதல் 9 வரை எண்கள். திருகினால் பிளேடுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி கூடும், குறையும். விலை 1.95 டாலர் என்பதால் அந்தப் பெயர். பெரும்பாலும் பித்தளையாலான இந்த நுட்பமான கருவியைச் சேகரிப்பவர்கள் செல்லமாக ‘ஃபேட்பாய்’ என்கிறார்கள். இதன் பலவீனமும் நுட்பத்தில்தான். பல வருடச் சோப்பு உள்ளே இறுகி எண்வளையம் நகராமல் நிற்கும். வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து ஊறவைத்து, மெதுவாக அசைத்துப் பார்ப்பதுதான் வழி. குறடு போட்டுத் திருகினால் கதை முடிந்தது. கதவுகள் ஒருமுறை கோணிவிட்டால் பிளேடு ஒரு பக்கம் துருத்தும், மறுபக்கம் உள்ளே போகும். சரிசெய்யத் தெரிந்தவர்கள் குறைவு.

1971-இல் இரட்டை பிளேடு கார்ட்ரிட்ஜ் வந்ததும் மேல்நாடுகளில் இந்த ரேசர்களின் காலம் மங்கியது. இந்தியாவில் அப்படி நடக்கவில்லை. சலூன்களில் பிளேடைப் பாதியாக ஒடித்துக் கத்தியில் செருகும் பழக்கமும், வீடுகளில் சேவிங் செட்டும் அப்படியே நீடித்தன. 2010-இல் ஜில்லெட் நிறுவனம் ‘கார்டு’ என்ற ரேசரை 15 ரூபாய்க்கும், அதன் கார்ட்ரிட்ஜை 5 ரூபாய்க்கும் இந்தியச் சந்தையில் இறக்கியதே, இருபுற பிளேடை விடாத கோடிக்கணக்கானவர்களைத் தன் பக்கம் இழுக்கத்தான்.

இனி புதியவை. ஜெர்மனியில் சோலிங்கன் நகரின் மெர்க்கூர், சாக்சனி மாநிலத்தின் மூலே, இங்கிலாந்தில் ஷெஃபீல்டின் எட்வின் ஜாகர் ஆகியவை இன்று பரவலாக விற்கும் பெயர்கள். இவற்றின் ரேசர்களில் பெரும்பாலானவற்றின் தலைப்பகுதி ‘ஜமாக்’ என்ற கலப்புலோகம். பெரும்பகுதி துத்தநாகம், சுமார் 4 சதவீதம் அலுமினியம், சொச்சம் மற்றவை. 1929-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி சிங்க் நிறுவனம் உருவாக்கியது. பித்தளை உருக 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். ஜமாக் 400-க்குள்ளேயே உருகிவிடும். எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தினால் நொடிகளில் ஒரு தலை தயார். வடிவம் பிசகாது. ஆயிரமாவது தலையும் முதல் தலையைப் போலவே பிளேடைப் பிடிக்கும். சவரத்தின் சுகத்தில் இவற்றைக் குறை சொல்ல முடியாது. முதன்முதலாகப் பழகுகிறவருக்குப் பழைய ரேசரைவிட இவையே தோதானவை.

நீடிப்பில்தான் சிக்கல். மூடியின் நடுவிலிருந்து இறங்கும் மரையாணியும் பல ரேசர்களில் அதே வார்ப்பின் பகுதிதான். ஒவ்வொரு நாளும் ‘இன்னும் ஒரு சுற்று’ என்று இறுக்குகிறவரிடம் அது மாட்டினாலோ, ஈரக் கையிலிருந்து வழுக்கிக் குளியலறைத் தரையில் விழுந்தாலோ, ஆணி முறிந்து பிடிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அடுத்த எதிரி தண்ணீர். குரோமிய முலாம் இருக்கும்வரை ஜமாக் பத்திரம். முலாமில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் ஈரம் உள்ளே இறங்கித் துத்தநாகத்தை அரிக்கும். வெள்ளைப் பொடி பூத்து, முலாம் கொப்புளித்து உரியும். உப்பு கூடுதலான போர் தண்ணீரில் கழுவி அப்படியே வைக்கிறவர்கள் வீட்டில் இது சீக்கிரமே நடக்கும். பித்தளையைப் போல மறுமுலாம் பூசிக்கொள்ளலாமா என்றால், அதுவும் கடினம். பழைய முலாமை நீக்கும் அமிலமே துத்தநாகத்தையும் தின்றுவிடும்.

அப்படியானால் பழசுதான் ஜெயித்ததா? அங்கேதான் கணக்கில் ஓர் ஓட்டை. இன்று நம் கைக்கு வருபவை தப்பிப் பிழைத்த ரேசர்கள். உடைந்ததும் நெளிந்ததும் மரை போனதும் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. மிஞ்சிய நல்லவற்றை இன்றைய மலிவான ரேசரோடு நிறுத்தி ஒப்பிடுவது நியாயமில்லை. 5 டாலர் விலையில் உயர்ந்த பொருளாக விற்ற அன்றைய ரேசருக்கு இன்றைய சரியான ஜோடி எவர்சில்வர் ரேசர்தான்.

அந்தப் போட்டியில் புதியது தெளிவாக முந்துகிறது. ஜப்பானின் ஃபெதர் நிறுவனத்தின் ஏஎஸ்-டி2 முழுக்க எவர்சில்வர். உரிந்துபோக அதன் மேல் முலாமே கிடையாது. பழைய ஜில்லெட் அட்ஜஸ்டபிளின் யோசனையை எடுத்துக்கொண்டு எவர்சில்வரில் செய்த ‘ரெக்ஸ் அம்பாசிடர்’ என்ற அமெரிக்க ரேசரும் உண்டு. கனடாவின் ‘ராக்வெல் 6எஸ்’ செய்யப்படும் விதம் சுவாரசியமானது. எஃகுத் தூளைப் பசையோடு குழைத்து அச்சில் அடித்து, உலையில் சுடுகிறார்கள். பசை நீங்கித் தூள் ஒன்றோடொன்று ஒட்டும்போது பாகம் முன்னிருந்த அளவைவிடக் கணிசமாகச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டுத்தான் அச்சு வெட்ட வேண்டும். கனடாவின் இன்னொரு நிறுவனமான ஹென்சன், விமானத்துறை அலுமினியத்தைக் கடைந்து தகட்டுக்கும் பிளேடுக்கும் இடையிலான இடைவெளியை நூலிழை பிசகாமல் வைக்கிறது. இந்தத் துல்லியம் 1950-களின் அழுத்து எந்திரங்களுக்கு எட்டாதது. விலை மட்டும் கையைக் கடிக்கும்.

இந்தச் சண்டையில் பலரும் மறப்பது பிளேடை. 1962-இல் வில்கின்சன் ஸ்வோர்டு நிறுவனத்தின் துருப்பிடிக்காத பிளேடு சந்தையைப் புரட்டிப்போடும் வரை, கார்பன் எஃகு பிளேடுகள் சில நாளிலேயே துருவேறின. இன்றைய பிளேடு 1904-இன் ரேசரிலும் பொருந்தும். ஆகவே தாத்தாவின் ரேசரில் இன்று கிடைக்கும் வழவழப்பான சவரம் தாத்தாவுக்கே கிடைத்ததில்லை!

வாங்கப் போகிறவர்கள் பிடியைக் கழற்றி மரைத்துளைக்குள் எட்டிப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் பிடியாவது பித்தளை. சாம்பல் நிறமாக இருந்தால் துத்தநாக வார்ப்பாக இருக்கலாம். பிளேடைப் போட்டு வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு துருத்துகிறதா என்று பாருங்கள். பழையதானால் பிடியில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். வீட்டுப் பரணில் டெக் ரேசர் கிடந்தால் வேறெதையும் தேட வேண்டாம், கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள். புதிதாக வாங்குவதானால் கையில் இருக்கும் காசுக்கு ஜமாக் போதும், ஆனால் அளவாக இறுக்குங்கள், துடைத்து வையுங்கள். ஒரே ரேசரை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்திருந்து, எவர்சில்வரில் ஒன்று வாங்குவதே மேல்.