சில்லைப் பிடித்திருக்கும் 17 தொன்

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலிருந்து பஞ்சிகாவத்தைக்கு அதிக தூரமில்லை. கொழும்பில் பழைய காருக்கு ஒரு பாகம் தேவையென்றால் எவருக்கும் முதலில் நினைவு வருவது அந்தத் தெருதான். ஜப்பானில் கழற்றப்பட்ட எஞ்சின், கியர்பெட்டி, கதவு, முன்விளக்கு என்று குவிந்திருக்கும் சாமான்களுக்கு நடுவே அலோய் ரிம்களும் அடுக்கியிருக்கும். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். அதுவரை புதிய கார் கனவாக இருந்தவர்களுக்கு, கையிலிருக்கும் காரை அழகாக வைத்திருப்பது ஒன்றே வழி.

அழகு பெரும்பாலும் ரிம்மில் தொடங்குகிறது. ஆனால் பிடித்த ரிம் வேறொரு காருக்கென்று வார்க்கப்பட்டதாக இருக்கும். பூட்டினால் உள்விளிம்பு ஷொக் அப்சோபரை உரசும், அல்லது சில்லு மட்கார்டுக்குள் ஒடுங்கிப்போய் நிற்கும். அப்போது கடைக்காரர் எடுத்து நீட்டுவதுதான் ஸ்பேசர். ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையில் உட்கார்ந்து சில்லை வெளியே தள்ளும் அலுமினிய வட்டத்தட்டு. மெல்லியவை 3, 5 மில்லிமீற்றர். தடித்தவை 20, 25. ஜக் இருக்கிறது, ஸ்பானர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. வீட்டு வாசலிலேயே பூட்டிவிடலாம் என்று தோன்றும். பூட்டலாம்தான். அதற்கு முன், சில்லைக் காரோடு பிடித்து வைத்திருப்பது எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மாட்டுவண்டிச் சில்லைக் கழன்றுவிடாமல் தடுப்பது கடையாணி. கார்ச் சில்லும் அப்படித்தான் நான்கு இரும்புத் தண்டுகளில் தொங்குகிறது என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். உண்மை வேறு. நட்டை இறுக்கும்போது ஸ்டட் எனப்படும் அந்தத் தண்டு மயிரிழை அளவுக்கு நீளுகிறது. நீண்ட ரப்பர் வளையம்போல அது திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுவையே ரிம்மை ஹப்போடு நசுக்கிப் பிடிக்கிறது. டொயோட்டாவின் பல சிறிய கார்களுக்கு நட்டின் இறுக்கம் 103 நியூட்டன் மீற்றர். உலர்ந்த மரையில் அது ஒரு நட்டுக்கு ஏறத்தாழ 4.3 தொன் அழுத்தமாகிறது. நான்கு நட்டுக்கும் சேர்த்து 17 தொன். ஆயிரம் கிலோ காரில் அந்தச் சில்லின் மேல் உட்கார்ந்திருக்கும் பாரமோ முந்நூறு கிலோவுக்குள். காரின் எடையைத் தாங்குவதும் பிரேக்கின் முறுக்கைக் கடத்துவதும் நசுங்கிய இரண்டு முகங்களுக்கு இடையிலான உராய்வே. எல்லாம் சரியாக இருக்கும்வரை ஸ்டட் இழுபடுகிறது, குறுக்கே வெட்டுப்படுவதில்லை.

அந்த அழுத்தம் குறைந்தால் முகங்கள் ஒன்றின்மேல் ஒன்று நூலளவு வழுக்கத் தொடங்கும். ஸ்டட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, குறுக்கே நேரும் இந்தச் சிறு வழுக்கல்தான் நட்டைத் தானாகக் கழலவைக்கிறது என்று ஜேர்மன் பொறியியலாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் பரிசோதித்துக் காட்டினார். நட்டுகளைச் சோதிக்கும் ஆய்வுகூடங்களில் அவர் பெயரிலான சோதனை இன்றும் நடக்கிறது.

ஸ்பேசர் வந்ததும் ஒரு சந்திப்பு இரண்டாகிறது: ஹப்பும் ஸ்பேசரும், ஸ்பேசரும் ரிம்மும். இரண்டுமே அதே 17 தொன்னில் நசுங்கியிருக்க வேண்டும். வீட்டில் பூட்டுபவர் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

துறைமுகத்தை ஒட்டிய கொச்சிக்கடையில் உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. சில்லைக் கழற்றினால் ஹப்பின் முகத்தில் துரு செதில் செதிலாக ஏறியிருக்கும். அதன்மேல் ஸ்பேசரை வைத்து இறுக்கினால், இறுக்கத்தை அளக்கும் டோர்க் ஸ்பானர் சரியான அளவையே காட்டும். நான்கு நாள் ஓடியதும் துரு பொடிந்துவிடும். நீண்டிருந்த ஸ்டட் அந்தப் பொடி விட்ட இடத்துக்குச் சுருங்கும். நட்டு திரும்பாமலே அழுத்தம் போய்விடும். ஸ்டட் நீண்டது ஒரு மில்லிமீற்றரில் சிறு பின்னமே என்பதால், தாள் கனத்துத் துருவே கணக்கைக் கெடுக்கப் போதும். ஆகவே அன்றைய வேலையில் பாதி நேரம் கம்பி பிரஷுக்குப் போனாலும் பரவாயில்லை. வெறும் இரும்பு மின்ன வேண்டும். நட்டு போடும் முன் ஸ்பேசரைக் கையால் அழுத்திப் பார்த்தால் எந்தப் பக்கமும் ஆடக்கூடாது.

ஸ்டட்டில் எண்ணெய் பூசுவது நல்லதென்று சொல்பவர்கள் உண்டு. மரையில் உராய்வு குறைந்தால் அதே இறுக்கத்துக்கு ஸ்டட் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இழுபடலாம். ஸ்பானர்மேல் ஏறி நிற்பது இன்னும் மோசம். எழுபது கிலோ மனிதர் முப்பது சென்ரிமீற்றர் பிடியின் நுனியில் நின்றால் 200 நியூட்டன் மீற்றரைத் தாண்டும். கேட்டதைப்போல் இரு மடங்கு. டோர்க் ஸ்பானர் ஒன்றை இரவல் வாங்கியாவது பாவிப்பதுதான் முறை. கார் ஸ்டாண்டில் நிற்கும்போது நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றிப் பிடித்து, சில்லு தரையில் பட்டபின் கடைசி இறுக்கம். வெறும் ஜக்கை நம்பிக் காருக்கடியில் கைவைக்கவே கூடாது. பக்கத்துக் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் சமதரை கிடைப்பதே அரிது. சாய்வில் ஜக் எந்த நொடியிலும் நழுவும்.

சாமான் வாங்கும்போது கவனிக்க வேண்டியது மரை. டொயோட்டா, ஹொண்டா கார்களில் 12 மி.மீ. ஸ்டட்டின் மரை இடைவெளி 1.5 மில்லிமீற்றர், நிசானிலும் சுசூக்கியிலும் 1.25. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. மாற்றிப் போட்ட நட்டு இரண்டு சுற்றுப் போய் இறுகிக்கொள்ளும். பூட்டியவர் சரியாகிவிட்டதென்று நினைப்பார். பல கார்களின் சாமான்கள் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கும் சந்தையில் இதைவிடப் பொல்லாத பொறி இல்லை. நட்டை விரலாலேயே கடைசிவரை சுற்ற முடிய வேண்டும். மெல்லிய ஸ்பேசர் ஸ்டட்டின் நீளத்தைத் தின்றுவிடும் என்பதால் சுற்றுகளை எண்ணிப் பார்க்கவும் வேண்டும்: 1.5 மரையில் குறைந்தது எட்டு. நட்டின் அடியும் ரிம்மின் குழியும் ஒரே வடிவமாக இருக்க வேண்டும். ஹொண்டாவின் அசல் நட்டுக்கு அடி உருண்டை, வெளியார் ரிம்கள் பலவற்றுக்குக் கூம்பு. நடுத்துளையும் ஹப்பின் விளிம்பில் கச்சிதமாக அமர வேண்டும். டொயோட்டா விட்ஸுக்கு அது 54.1 மில்லிமீற்றர். தளர்வாக இருந்தால் சில்லு மையம் விலகி ஸ்டியரிங் நடுங்கும்.

இத்தனைக்கும் கிடைக்கும் பயன் என்ன? சில்லுகள் அகன்று நின்றால் வளைவில் கார் நன்றாகப் பிடிக்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். 1.46 மீற்றர் அகலத்தில் நிற்கும் சில்லுகளுக்குப் பக்கத்துக்கு 15 மி.மீ. ஸ்பேசர் போட்டால் அகலம் 1.49 ஆகும். வளைவில் உள்சில்லிலிருந்து வெளிச்சில்லுக்குப் பாயும் பாரம் நூற்றுக்கு இரண்டு வீதம் குறையும். ஓட்டுபவரின் கைக்கு அது தெரிவது கடினம். பெயாரிங்குக்கோ அந்த 15 மில்லிமீற்றர் நெம்புகோலை நீட்டிக் கொடுக்கிறது. ஒவ்வொரு குழியின் அடியும் அதில் வந்து விழும். ஆகவே ரிம் உரசாமலிருக்க ஸ்பேசர் போடுவதில் நியாயமுண்டு; பிடிமானத்துக்கென்று போடுவதில் பெரிதாக ஒன்றுமில்லை.

ஸ்பேசர் என்றாலே ஆபத்து என்பதும் சரியல்ல. போர்ஷே சில 911 மாதிரிகளுக்கு 5 மி.மீ. ஸ்பேசரைத் தானே விற்றிருக்கிறது. அதே ஜேர்மனியில் வெளிச்சந்தை ஸ்பேசருக்கு அங்கீகாரச் சான்று வேண்டும். இலங்கையில் வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுதோறும் நடக்கும் புகைப் பரிசோதனை, பெயருக்கேற்ப புகையைத்தான் பார்க்கிறது.

தடித்த ஸ்பேசர்களில் இன்னொரு சங்கதி. அவை ஹப்பில் தனி நட்டுகளால் பூட்டப்படும். ரிம் அவற்றின் சொந்த ஸ்டட்களில் ஏறும். சில்லு ஏறிவிட்டால் உள்நட்டுகள் மறைந்துவிடும். வெளிநட்டுகளை இறுக்கிப் பார்த்துத் திருப்திப்படுபவர் பாதியைத்தான் பார்த்திருக்கிறார். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் சில்லையே கழற்றி, உள்நட்டு ஒவ்வொன்றையும் டோர்க் ஸ்பானரால் தொட்டுப் பார்க்க வேண்டும். நீர்கொழும்புக்கு அப்பாலும் ஒரு கொச்சிக்கடை உண்டு. கொழும்புக் கொச்சிக்கடையிலிருந்து அங்கே போய்த் திரும்பினால் எண்பது கிலோமீற்றருக்குப் பக்கத்தில் வரும். ஜக்கை வெளியே எடுக்க அதுவே கணக்கான தூரம்.