பிள்ளையின் இசைவும் பெற்றோரின் கடமையும்

இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரமாய் நீண்டு கிடக்கும் நம் பகுதியில், ஒருபுறம் துறைமுகமும் மீன்பிடித் துறையும், மறுபுறம் ஆலைகளின் புகைபோக்கிகளும் நிற்கின்றன. இத்தகைய இடத்தில் வளரும் குழந்தைகளின் உடல்நலத்தை அறிய ஆராய்ச்சியாளர் விரும்புவது இயல்பே. அவர்கள் பள்ளிக்கோ வீட்டு வாசலுக்கோ வந்து, எடையையும் உயரத்தையும் குறித்துக்கொண்டு, சிறிது இரத்தம் கேட்பார்கள். "படித்தவர்கள் கேட்கிறார்கள்" என்று நாமும் காட்டிய இடத்தில் கையொப்பமிட்டு விடுகிறோம். ஊசிக்குக் கையை நீட்டப்போகிற பிள்ளையை யாரேனும் ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

ஆராய்ச்சி வேண்டாம் என்பதல்ல நம் கருத்து. 1968-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. ஒரு மாதக் குழந்தை முதல் முதியோர் வரை இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் இடம்பெற்றனர். பெரியவர்களைத் தாக்கும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி எதிர்பார்த்தபடி தடுக்கவில்லை என்ற உண்மையை உலகம் நம் மண்ணிலிருந்தே கற்றது. 2009-இல் வெளியான மற்றோர் ஆய்வு, சென்னைப் பள்ளிகளில் பயிலும் 3 முதல் 7 வயது வரையுள்ள எழுநூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதித்து, அது மிகுந்த பிள்ளைகளிடம் கவனக் குறைவும் பதற்றமும் மிகுந்திருப்பதை எடுத்துக்காட்டியது. ஆலைகளுக்கு நடுவே வாழும் நமக்கு இத்தகைய அறிவு இன்றியமையாதது.

கம்மம் தந்த பாடம்

ஆயினும் நல்ல நோக்கம் மட்டும் போதாது. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும், 10 முதல் 14 வயது வரையுள்ள ஏறத்தாழ 24,000 சிறுமியருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஒரு செயல்விளக்கத் திட்டமாய்ப் போடப்பட்டது. ஏழு சிறுமியர் இறந்தனர் என்ற செய்தி எழவே, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமென்று விசாரணையில் நிறுவப்படவில்லை. அத்தடுப்பூசி பல நாடுகளில் நற்பயன் தந்துவருவதும் உண்மையே. குறை வேறிடத்தில் இருந்தது. 2013-இல் பாராளுமன்ற நிலைக்குழு அளித்த அறிக்கையின்படி, ஆந்திரத்தில் பார்வையிடப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763 படிவங்களில் கையொப்பமிட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள்! பெற்றோர் கேட்கப்படவில்லை, சிறுமியரோ கணக்கிலேயே இல்லை.

தலைமையாசிரியர், விடுதிக் காப்பாளர், ஏன், பங்குத் தந்தையராகிய நாமும் இதைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். "சாமியாரே சொல்லிவிட்டார்" என்பது நம் மக்களிடையே பெரிய வாக்கு. அதனாலேயே அதை எளிதில் செலவிடலாகாது. பள்ளி வாயிலைத் திறந்துவிட நமக்கு உரிமை உண்டு. பிள்ளையின் உடலுக்குச் சம்மதம் சொல்ல உரிமை இல்லை.

ஏழு வயது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதைத் தெளிவாக வகுத்துள்ளன. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்காகப் பெற்றோரின் ஒப்புதல் போதும். 7 முதல் 12 வயது வரை, பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் வாய்மொழி இசைவும் வேண்டும். 12 முதல் 18 வயது வரை, எளிய மொழியில் எழுதப்பட்ட படிவத்தில் இசைவு பெறல் வேண்டும். பிள்ளை பேசாதிருந்தால் அதை இசைவென்று கொள்ளலாகாது. உயிர்காக்கும் சிகிச்சை அந்த ஆய்வின் வழியாகவே கிடைக்கும் என்ற நிலையில் மட்டும், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு பிள்ளையின் மறுப்பைக் கடந்து செல்ல இடமுண்டு.

ஏழு வயது என்ற எல்லை நமக்குப் புதியதன்று. ஏழு வயது நிறைந்த பிள்ளை பகுத்தறியும் ஆற்றல் பெற்றுவிட்டதாகக் கருதப்படும் என்பது திருச்சபைச் சட்டம். 1910-இல் பரிசுத்த தந்தை பத்தாம் பத்திநாதர், ஏறத்தாழ அவ்வயதிலேயே பிள்ளைகள் திவ்விய நற்கருணை வாங்கலாமென்று வழி திறந்தார். ஆண்டவரின் திருவுடலையும் சாதாரண அப்பத்தையும் வேறுபடுத்தி அறியத்தக்க பிள்ளைக்கு, தன் இரத்தம் எதற்காக எடுக்கப்படுகிறது என்பது விளங்காதா?

"கசக்கிறது என்று மருந்தை மறுக்கும் பிள்ளைக்குக் கட்டாயப்படுத்தியாவது கொடுப்பதில்லையா?" என்று ஒரு தாய் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மருந்து அப்பிள்ளையின் நலனுக்காக. ஆராய்ச்சியோ பெரும்பாலும் பின்வரும் பிறர் நலனுக்காக. அது ஒரு பிறரன்புச் செயல். அன்புச் செயலைப் பலவந்தத்தால் பெற முடியாது. பிடுங்கி எடுத்தது காணிக்கையாகுமா?

பெற்றோர் செய்யத்தக்கவை

படிவத்தில் கையொப்பமிடுமுன் அதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். என்ன செய்வார்கள், வலிக்குமா, முடிவை நமக்குச் சொல்வார்களா, நடுவில் விலகினால் சிகிச்சையோ படிப்போ தடைபடுமா என்று கேளுங்கள். பின்பு பிள்ளையை அருகில் அமர்த்தி, அதற்குப் புரியும் சொற்களில் எடுத்துரையுங்கள். "நீ என்ன விளங்கிக் கொண்டாய்?" என்று கேட்டு, அதன் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். பரிசுப் பொருளைக் காட்டி ஆசையூட்டாதீர்கள். அப்பா அடிப்பார் என்று அச்சுறுத்தவும் வேண்டாம். "வேண்டாம்" என்று பிள்ளை சொன்னால், காரணம் கேளுங்கள். ஊசிக்கு அஞ்சும் அச்சம் ஆறுதல் சொன்னால் தீரும். அதன் பின்னும் மறுத்தால் அம்மறுப்பை மதியுங்கள். இன்று தன் "வேண்டாம்" மதிக்கப்படக் கண்ட பிள்ளை, நாளை தகாத கை ஒன்று தன்னைத் தீண்ட வரும்போதும் துணிந்து "வேண்டாம்" என்று சொல்லும்.

நாசரேத்தூர்க் கன்னிகையிடம் வானதூதரை அனுப்பிய இறைவன், அவள் இளம்பெண்தானே என்று எண்ணினாரில்லை. அவள் ஐயம் வினவினாள், விடை பெற்றாள், அதன்பின் இசைந்தாள். எல்லாம் வல்லவரே ஓர் இளம்பெண்ணின் சொல்லுக்குக் காத்திருந்தார் என்றால், நம் பிள்ளைகளின் சொல்லுக்கு நாம் சற்று நேரம் காத்திருத்தல் ஆகாதோ?