அருவிக்கு யார் பொறுப்பு?

ஊர் கையில் இயற்கை – 9

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் ஊர் திருவேங்கடத்தில் மேல்காற்று வீசத் தொடங்கிவிடும். மேற்கே மலையில் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு கரிசல் காட்டுக்கு வந்து சேரும் காற்று அது. வாசல்வரை புழுதி ஏறும். ஆனாலும் அந்தக் காற்றைக் கண்டால் எங்கள் ஊருக்கு ஒரு சந்தோஷம் வந்துவிடும். டீக்கடையில் யாராவது ஆரம்பிப்பார்கள்: "அண்ணாச்சி, குத்தாலத்துல தண்ணி நல்லா விழுதாம். ஞாயித்துக்கெழம வேன் போகுது, வாரியளா?"

தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் பெண்கள் புளியோதரை கிண்டுவார்கள். சின்ன வயதில் அப்படி வேனில் நெருக்கியடித்துப் போனபோது, அந்த அருவிக்கு ஓர் அலுவலகம் இருக்கும், பொறுப்பாளர் இருப்பார், எல்லைக்கோடு இருக்கும் என்றெல்லாம் எனக்குத் தோன்றியதே இல்லை. மழையைப் போல, வானத்தைப் போல, அது சும்மா இருந்தது. சும்மா இருப்பதையும் யாரோ ஒருவர் தினமும் பார்த்துக்கொண்டால்தான் அது இருக்கும் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

குற்றாலத்தில் அந்த 'யாரோ ஒருவர்' யார்? மேலிருந்து கீழே ஒரு நடை நடந்து பார்ப்போம்.

தேனருவியும் செண்பகாதேவியும் காட்டுக்குள் இருக்கின்றன. அங்கே வனத்துறையின் அனுமதியில்லாமல் போக முடியாது. இந்த மலைச்சரிவுகளைச் சேர்த்துத்தான் 2015-இல் நெல்லை வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பழத்தோட்ட அருவி தோட்டக்கலைத் துறையின் பண்ணைக்குள் இருக்கிறது. ஐந்தருவிக்கு மேலே இருக்கும் சுற்றுச்சூழல் பூங்காவும் அதே துறையுடையதுதான். பேரருவியில் கம்பி கட்டி, விளக்குப் போட்டு, குப்பை அள்ளுவது குற்றாலம் பேரூராட்சி. அருவியை ஒட்டி நிற்கும் திருக்குற்றாலநாதர் கோயிலும் சித்திர சபையும் அறநிலையத் துறையின்கீழ் வருகின்றன. பழைய குற்றாலம் நெடுங்காலமாக ஆயிரப்பேரி ஊராட்சியின் பராமரிப்பில் இருந்த அருவி. வெள்ளம் வந்தால் கூட்டத்தை விலக்கி நிறுத்துவது காவல்துறை. அருவி கீழே இறங்கிச் சிற்றாறாகிவிட்டால் நீர்வளத் துறை. எல்லாருக்கும் மேலே மாவட்ட ஆட்சியர்.

இவர்களில் ஒவ்வொருவரும் தம் எல்லைக்குள் வேலை பார்க்கிறார்கள். ஆனால் தண்ணீருக்கு எல்லை கிடையாது. மேலே ஊற்றெடுத்த நீர் நாலைந்து அலுவலகங்களின் கையைத் தாண்டித்தான் நம் தலையில் விழுகிறது.

இதில் பேரூராட்சியின் நிலைமையை நின்று பார்க்க வேண்டும். குற்றாலம் சின்ன ஊர். ஊரில் குடியிருப்பவர்களுக்குப் போதுமான அளவில் அமைந்த நிர்வாகம், சாரல் மாதங்களில் தமிழ்நாட்டின் பாதியும் கேரளத்தின் ஒரு பகுதியும் வந்து இறங்குவதைத் தாங்க வேண்டியிருக்கிறது. வாகன நிறுத்தமும் கடைகளும் ஏலம் போகும் வருமானம்தான் அதற்குப் பெரிய பலம். கூட்டம் கூடினால் வருமானம் கூடும். அதே கூட்டம் விட்டுப்போகும் எண்ணெய்ப் பாக்கெட்டும் ஷாம்பு உறையும் அருவியைக் கெடுக்கும். அருவியை நம்பிப் பிழைக்கும் ஊரிடமே, அருவிக்காகக் கூட்டத்தைக் குறைத்துக்கொள் என்று சொல்கிறோம். வேறு வழியில் அதன் கையில் நாலு காசு சேர ஏற்பாடு செய்யாமல் அப்படிச் சொல்வது நியாயமில்லை.

இந்த முடிச்சை ஊர் அவிழ்க்க முடியாதபோதெல்லாம் நீதிமன்றம் வந்து அவிழ்த்திருக்கிறது. அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தக் கூடாது என்று 2014-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. மலையிலிருந்து வரும் நீரோட்டத்தைத் திருப்பித் தனியார் விடுதிகள் செயற்கை அருவி அமைத்துக்கொண்ட விவகாரமும் 2022-இல் அதே நீதிமன்றத்தின் முன்னால்தான் போய் நின்றது. ஓடையைத் திருப்புகிறார்கள் என்பது முதலில் தெரிவது பக்கத்து வயல்காரருக்கும் மாடு மேய்ப்பவருக்கும். அவர்கள் போய்ச் சொல்வதற்கென்று ஊரிலேயே ஒரு மன்றம் இருந்திருந்தால், இந்த வழக்குகள் மதுரை வரைக்கும் போயிருக்க வேண்டியதில்லை.

2024 மே 17-ஐத் தென்காசி மாவட்டம் மறக்காது. பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளம், குளிக்க வந்த பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. மழை பெய்த இடம் ஒருவர் எல்லை. வெள்ளம் வந்து விழுந்த இடம் இன்னொருவர் எல்லை. அதற்குப் பிறகு அருவியை வனத்துறையிடம் கொடுத்துவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. மேலே காட்டில் என்ன நடக்கிறது என்பதை வனத்துறை அறியும். தலைமுறை தலைமுறையாக அந்த நீரில் குளித்து, அந்த நீரில் நடவு செய்து வாழும் ஊருக்கோ அது சொந்த வீட்டு முற்றம்.

எனக்குப் படுவது இதுதான்: 'யாரிடம் கொடுப்பது' என்று கேட்கும்வரை விடை கிடைக்காது. எல்லாரும் ஒரே பாயில் உட்கார என்ன ஏற்பாடு என்று கேட்க வேண்டும்.

அப்படி உட்கார்ந்து பார்த்த நாடு ஒன்று உண்டு. பிரான்சில் 1967 மார்ச் 1 அன்று வட்டார இயற்கைப் பூங்காக்களுக்கான ஆணை பிறந்தது. அடுத்த ஆண்டே வடக்கு மூலையில் முதல் பூங்கா வந்தது; இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. பூங்கா என்றால் வேலிபோட்டு மனிதரை வெளியேற்றிய இடம் என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே ஊர்கள் இருக்கும், வயலும் மாடும் சந்தையும் இருக்கும். சுற்றுவட்டார ஊராட்சிகள் தாமாக முன்வந்து ஓர் ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகின்றன. எந்த ஓடையை எப்படிக் காப்பது, எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது, பயணிகளை எப்படி வரவேற்பது என்பதெல்லாம் அதில் எழுதப்படும். பத்திரம் இப்போது பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஊராட்சிகளும் மேல்மட்ட மன்றங்களும் சேர்ந்த ஒரு கூட்டு அமைப்பு பூங்காவை நடத்துகிறது. அதற்கு அபராதம் போடும் அதிகாரம் எதுவும் கிடையாது. ஆனால் கையெழுத்துப் போட்ட ஊர், தன் நிலப்பயன்பாட்டுத் திட்டத்தை அந்தப் பத்திரத்துக்கு முரணாக வகுக்க முடியாது.

சொன்ன வாக்கைக் காப்பாற்றாவிட்டால்? மேற்குப் பிரான்சின் புவாத்து சதுப்பு நிலம் 1979-இல் இப்படிப் பூங்காவானது. ஈர நிலத்தை வடித்து மக்காச்சோளமும் தானியமும் விதைத்துக்கொண்டே போனார்கள். 1990களில் பூங்கா என்ற பெயரை அரசு திரும்ப வாங்கிக்கொண்டது. அதை மீட்க 2014 வரை ஆயிற்று. ஒரு பெயர் போனதை ஊர்கள் மானக்கேடாக எடுத்துக்கொண்டு பல ஆண்டு உழைத்தன. எங்கள் பக்கமும் மக்காச்சோளம் விளைகிற பூமிதான். மானம் பார்க்கிற ஊர்கள்தான்.

ஊர்களே இயற்கையைக் காக்க நம்மிடம் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, ஒவ்வோர் உள்ளாட்சியும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. 2004-ஆம் ஆண்டு விதிகள் தலைவரோடு ஆறு பேர்வரை கொண்ட குழு என்றும், அதில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் என்றும் வகுத்தன. ஊரின் மரம், செடி, மீன், பறவை, நாட்டுவிதை, அவற்றைப் பற்றிய மக்களின் அறிவு எல்லாவற்றையும் 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' என்ற ஏட்டில் எழுதி வைப்பது அந்தக் குழுவின் முதல் வேலை. எல்லைக்குள் வணிகத்துக்காக உயிர்வளம் எடுப்பவரிடம் கட்டணம் வாங்கலாம். அதற்கென உள்ளூர் நிதியும் வைத்துக்கொள்ளலாம். அருவியூரின் கையில் நாலு காசு சேர ஏற்பாடு வேண்டும் என்றேனே, அதற்கு இதுவும் ஒரு வாசல்.

சட்டம் வந்து பதினேழு ஆண்டுகள் கழித்தும் குழுக்கள் சரிவர அமையவில்லை. 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது: 2020 சனவரி 31-க்குள் முடிக்க வேண்டும், இல்லையேல் ஒவ்வொரு மாநிலமும் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அதன்பின் குழுக்கள் வேகமாக முளைத்தன. நாடு முழுவதும் அவற்றின் எண்ணிக்கை இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. கெடுவுக்காக அவசர அவசரமாக எழுதிய பதிவேடு பீரோவுக்குள் போய்விடும். பாட்டிமார்களையும் ஆட்டுக்காரர்களையும் கேட்டு எழுதிய பதிவேடுதான் ஊருக்குப் பயன்படும்.

இந்தச் சட்டம் ஊருக்குப் பயன்படும் என்பதற்கு மதுரைப் பக்கம் சாட்சி இருக்கிறது. மேலூர் வட்டாரத்தில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களின் 193.42 ஹெக்டேர் நிலத்தை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கிய பெரும் பரப்பை டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஒன்றிய அரசு ஏலம் விட்டது. கிராம சபைகள் கூடித் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 7 அன்று ஆயிரக்கணக்கான மக்கள் மதுரை நோக்கி நடந்தார்கள். சனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. பாரம்பரியத் தலம் என்ற அறிவிப்பு மட்டும் ஏலத்தைத் தடுத்துவிடவில்லை. அந்த அறிவிப்பைத் தன்னுடையதாக நினைத்த ஊர்கள் தடுத்தன.

குற்றாலத்துக்கு வருவோம். ஊராட்சிக்கு ஒரு குழு இருந்தாலும் அருவி பல ஊராட்சிகளைத் தாண்டி ஓடுகிறதே? அதற்கும் இடம் வைத்திருக்கிறது நம் அரசியலமைப்பு. 243ZD பிரிவு, மாவட்டத்துக்கு ஒரு திட்டக் குழு வேண்டும் என்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள் மாவட்ட ஊராட்சியிலிருந்தும் நகர உள்ளாட்சிகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். நீரையும் பிற இயற்கை வளங்களையும் பகிர்ந்துகொள்வது, சுற்றுச்சூழலைக் காப்பது ஆகியவற்றைத் திட்டத்தில் கருத வேண்டும் என்று அந்தப் பிரிவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நான் மேலே கேட்ட பாய் அதுதான். விரித்து உட்காருவது மட்டும் பாக்கி.

2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானபோது, மலையடிவாரமும் கரிசல் காடும் சேர்ந்து தனிக்குடும்பமாயின. சிற்றாறு தென்காசி, வீரகேரளம்புதூர், கங்கைகொண்டான் வழியாகப் போய் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது; அதில் ஒரு சொட்டும் திருவேங்கடத்துக் கண்மாய்க்கு வராது. ஆனாலும் திருவேங்கடமும் குற்றாலமும் இப்போது ஒரே மாவட்டத் திட்டத்தில் எழுதப்பட வேண்டிய ஊர்கள். வருஷத்துக்கு ஒருநாள் வேனில் போய்த் தலை நனைத்து வருகிற நமக்கு, அந்த அருவியைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. அங்கே நாம் போட்டுவிட்டு வரும் உறைக்குப் பதில் சொல்லும் கடமையும் உண்டு.

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், கிராம சபை கூடும் நாள்களில் ஒன்று. திருவேங்கடத்தைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் அன்று யாராவது ஒருவர் எழுந்து, "நம்ம ஊரு பல்லுயிர்ப் பதிவேட்டக் கொஞ்சம் வாசிங்க" என்று கேட்கட்டும். சீமைக்கருவேலம் மூடிக்கிடக்கும் ஓடைக்கு ஒரு காலத்தில் என்ன பெயர், அதன் கரையில் என்ன மரம் நின்றது என்பது அதில் எழுதியிருக்கிறதா என்று பார்ப்போம். இல்லையென்றால் அந்தப் பெயரை அறிந்த தாத்தா இருக்கும்போதே எழுதிவிடுவோம்.

அடுத்த வாரம்: பதிவேட்டை எழுதுவது எப்படி? பேனாவோடு ஒரு கண்மாய்க் கரைக்குப் போவோம்.